சாமையைக் குத்துவது யார்?

(சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லிமலைக்கு நம் ஊரிலிருந்து வாரந்தோறும் வண்டிகள் போகின்றன. இந்த நூறடிச் சாலையில் வெள்ளிக்கிழமை இரவு புறப்படும் பைக் கூட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவதற்காகச் சிலர் போகிறார்கள், ஆகாய கங்கை அருவியில் நனைவதற்காகச் சிலர், அறப்பளீஸ்வரரைக் கும்பிட இன்னும் பலர். அந்த மலையில் என்ன விளைகிறது, அங்கே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்றும், அதை எப்படிப் போக வேண்டும் என்றும் சொல்வதற்காகவே இன்று இங்கே நிற்கிறேன்.

மலையைப் பற்றிக் கொஞ்சம். கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997க்கு முன்பு சேலம் மாவட்டம். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 வளைவுகள் ஏறினால் கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் ஒரு பரந்த மேட்டு நிலம் விரியும். கீழே கத்திரி வெயில் கொளுத்தும்போதும் மேலே காற்று குளிர்ந்திருக்கும். பள்ளத்தில் நெல் வயல், சரிவில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி, அதன் நிழலில் காபி, வீட்டுக் கொல்லையில் பலா. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று 14 நாடுகளாக மலை பிரிந்திருக்கிறது. பழைய அந்தப் பிரிவுகளே இன்றைய ஊராட்சிகள்.

மலைவாசிகளில் பெரும்பாலானோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. பேசுவது தமிழ். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இவர்கள் சொல்லிவரும் கதை பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் புறப்பட்டார்கள். ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்கள் என்பது கதை. காஞ்சிபுரம் நமக்கு எவ்வளவு பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். நம் வட்டாரத்திலிருந்து மலையேறிப் போனவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். நாம் அவர்களை வேற்று மனிதர்கள் போலப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அத்தனையையும் ஒரே அம்பு துளைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய தலைவர். மலைமேல் செம்மேட்டில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அரசே விழா எடுக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மன் என்று மலை மக்கள் கும்பிடுகிறார்கள். இந்தப் பெருமைகளையெல்லாம் வழிகாட்டிப் பலகைகளிலேயே படித்துவிடலாம். எந்தப் பலகையிலும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூரில், முந்தின நாளே சொல்லிவைத்திருந்ததால், ஒரு வீட்டில் எங்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் சமைத்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி நாங்கள் அவரை ஆயா என்று கூப்பிட்டோம். விறகடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சாமையை இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றிக் கல் அரித்தார். மூன்றாவது முறை அரித்தபோது அடியில் தங்கிய மணலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்று உலையில் போட்டார். அரிசியைப் போல நேரம் எடுக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு மலர்ந்துவிட்டது. நெருப்பை இழுத்துவிட்டு, தணலில் மூடி வைத்தார். வெந்த சாமையின் நிறம் வெள்ளை இல்லை, மங்கின பழுப்பு. அதோடு கீரைக் கடைசல், மிளகு தூக்கலாக வைத்த அவரைக்கொட்டைக் குழம்பு. சூட்டோடு சாப்பிடச் சொன்னார். ஆறினால் இறுகிவிடும், மிச்சம் இருந்தால் தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பார்களாம்.

அந்தச் சோற்றுக்கு லேசான ஒரு மண் வாசனை இருந்தது. தவிடு போகாத தானியத்தின் வாசனை அது. சென்னையில் பாக்கெட்டில் வாங்கிச் சமைக்கும் சாமையில் அது கிடைப்பதே இல்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

“தினமும் இதைத்தான் சமைப்பீங்களா, ஆயா?” என்று கேட்டேன்.

“தினமும் எங்க கண்ணு? ரேசன் அரிசின்னா களைஞ்சு போட்டா சோறு. சாமைன்னா முந்தின நாளே காயப்போட்டுக் குத்தணும். தோளு விட்டுப்போவும். நோம்பி நொடின்னா ஆக்கறது. உங்களாட்டம் ஆரும் வந்தா ஆக்கறது.”

கொல்லிமலைச் சாமையின் கடந்த ஐம்பது வருட வரலாறு முழுவதும் அந்த ஆயாவின் பதிலில் இருக்கிறது.

சிறுதானியம் என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சமையலறையில் அது இரண்டு வகை. கேழ்வரகு ஒரு வகை. கதிரடிக்கும்போதே அதன் மேல்தோல் விட்டுவிடும். அப்படியே திரித்து மாவாக்கிக் களி கிண்டலாம். சாமை, தினை, பனிவரகு, வரகு ஆகியவை இன்னொரு வகை. இவற்றின் ஒவ்வொரு மணியையும் கெட்டியான உமி இறுகப் பிடித்திருக்கும். உமி போனால்தான் சோறு. வரகில் உமி அடுக்கடுக்காக இருப்பதால் அது எல்லாவற்றையும் விடக் கடினம். வெயில் நாளில் இந்தச் சாலையோரத்துத் தள்ளுவண்டியில் நீங்கள் குடிக்கும் கூழ் கேழ்வரகோ கம்போதான். சாமைச் சோற்று வண்டி எங்காவது உண்டா? மக்களுக்குச் சாமையின் ருசி பிடிக்காமல் போய்விட்டது என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உமியை யார் நீக்குவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததால் சாமை தட்டிலிருந்து இறங்கிவிட்டது.

குத்துவதை அருகில் இருந்து பார்த்தால் புரியும். நன்றாகக் காய்ந்த சாமையைக் கல்லுரலில் கொட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அள்ளி முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். உமி பறக்கும், பாதி மணிகளில் உமி அப்படியே இருக்கும். அவை திரும்பவும் உரலுக்குள். மறுபடி புடைப்பு. மூன்றாவது சுற்றில் மணியும் நொய்யும் தவிடுமாகப் பிரியும். வேகமாகக் குத்தினால் மணி நொறுங்கி எல்லாம் நொய்யாகிவிடும். மெதுவாகக் குத்தினால் உமி விடாது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். காலையில் ஆரம்பித்தது உச்சி வெயில்வரை போனது. கிடைத்தது ஒரு வேளைச் சாப்பாடு. இதற்கு முன்னால் அந்தப் பெண்கள் தண்ணீர் எடுத்திருப்பார்கள், விறகு வெட்டியிருப்பார்கள், காட்டில் களை பறித்திருப்பார்கள். பாரம்பரிய உணவு என்று நாம் மேடைகளில் கொண்டாடும் பண்டம் முழுக்க முழுக்கப் பெண்களின் தோள்வலியில் நின்றது. அந்த வலியைப் பற்றி வாய் திறக்காமல் சாமையைப் புகழ்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்த நிலையில் மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. அந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு, 1981இல் சேலத்தில் அதற்கென்றே சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டதே சாட்சி. மரவள்ளியைக் குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் மரவள்ளிக்குப் போயின. சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி மழையோடு இறங்கிப் போகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் காசில்தான் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள், நோயாளிகள் நாமக்கல்லுக்கு இறங்கி வைத்தியம் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி மலிந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்; 2011 ஜூன் முதல் விலையே இல்லை. பசியை விரட்டிய அரிசி அது. அதைக் குறை சொல்லும் உரிமை, மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிடும் நமக்குக் கிடையாது.

அப்படியானால் சாமை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? விடக் கூடாது என்கிறேன். அந்த மலையில் சாமை என்பது ஒரே பயிர் இல்லை. கட்டவெட்டிச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, திரிகுலாச்சாமை, மல்லியச்சாமை என்று வகை வகையாக வைத்திருந்தார்கள். தினையில் செந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை, பெருந்தினை. கேழ்வரகை அங்கே கேவுரு என்பார்கள். அதிலும் சட்டைக்கேவுரு, சுருட்டைக்கேவுரு, அரிசிக்கேவுரு என்று பல. விரைவாக அறுப்புக்கு வருவது ஒன்று, நீண்ட நாள் நிலத்தில் நின்று நிறையக் காண்பது ஒன்று, மெலிந்த மண்ணிலும் தலையெடுப்பது ஒன்று. மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்து சேரும். எந்த விதையை எந்தச் சரிவில் போடுவது என்ற கணக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று பருவம் விதைக்காமல் விட்டால் விதை போய்விடும். விதையோடு அந்தக் கணக்கும் போய்விடும். எந்தப் பல்கலைக்கழகத்தாலும் அதை மறுபடி உண்டாக்க முடியாது.

இதை முதலில் உணர்ந்து மலையேறியவர்கள் நமக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில் இருக்கிறது. 1990களிலிருந்து அவர்கள் கொல்லிமலையில் வேலை செய்தார்கள். எங்கெங்கோ ஓரிரு வீடுகளில் மிஞ்சியிருந்த விதைகளைத் தேடி எடுத்து, ஊருக்கு ஊர் விதை வங்கி வைத்தார்கள். பெண்களின் சுய உதவிக் குழுக்களைச் சேர்த்து மாவும் ரவையும் மால்ட்டும் செய்து விற்கக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரங்களையும் மாவு மில்களையும் வைத்தது. பயிரை மீட்க வேண்டுமானால் உலக்கையிலிருந்து பெண்ணை விடுவிக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். எத்தனையோ உணவுத் திருவிழாக்களை விட அந்த மோட்டார் பெரிய காரியம் செய்தது.

இந்தியா முன்மொழிந்து, 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அதே 2023இல் தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகைத்தான் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். திரித்தால் போதும் என்பதால் அதைக் கொடுக்க முடிகிறது. சாமைக்கும் தினைக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டுமென்றால் ஊர் ஊராக இயந்திரம் ஓட வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றி இந்த ஊரில் விரிவாகவே பேசலாம். கிண்டி தொழிற்பேட்டை 1958லிருந்து நமக்கு அடுத்த வாசல். லேத் ஓட்டியவர்கள், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள், மோட்டார் சுற்றுபவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். சாமையின் உமியை நீக்க இரண்டு வழி. ஒன்று, எமரிக் கல் உருளையில் தேய்ப்பது. உமியும் போகும், அதோடு தவிடும் போகும். வெளியே வருவது வெள்ளை வெளேர் என்று இருக்கும். இன்னொன்று, மையவிலக்கு விசை. சுழலும் தட்டு மணியை வேகமாக வீசிச் சுவரில் மோதவிடும். மோதும் அதிர்ச்சியில் உமி வெடித்துப் பிரியும். உள்ளே மணி தவிட்டோடு தங்கும். உலக்கை செய்த வேலைக்கு இதுதான் கிட்டே வருகிறது. ஈரப்பதம் கூடினால் உமி வெடிக்காது, ரொம்பக் காய்ந்தால் மணி உடையும். பனிவரகு பெருமணி, சாமை சிறுமணி. ஒரே சல்லடையில் இரண்டையும் போட்டால் பாதிக்குப் பாதி வீணாகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதில் உழைத்திருக்கிறது. மதுரையின் தானம் அறக்கட்டளை, சவ்வாது மலை போன்ற இடங்களில் சிறிய அளவு இயந்திரங்களை ஊர்க்காரர்களே ஓட்டும்படி மாற்றியமைக்க முயன்றிருக்கிறது.

ஆனாலும் மலையில் நான் பார்த்த சில இயந்திரங்கள் நின்றுபோயிருந்தன. ஒன்றில் பேரிங் போயிருந்தது. இன்னொன்று மும்முனை மின்சாரம் கேட்கிறது. ஊருக்கு வருவது ஒருமுனை. பழுது பார்க்க ஆள் கீழே இருந்து வர வேண்டும், வருகிற ஆளுக்குக் கூலியும் பயணச் செலவும் கொடுத்தால் அந்தப் பருவத்துச் சாமை வருமானம் கரைந்துவிடும். இயந்திரம் நின்ற மாதம் உலக்கை திரும்ப வருகிறது. அடுத்த பருவம் சாமை விதைக்கும் நிலம் சுருங்குகிறது. ஒரு பேரிங்கும் ஒரு பெல்ட்டும் கொல்லிமலையில் எது விளைய வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. பட்டறைக்காரர்களே, உங்களில் யாராவது ஒருமுனை மின்சாரத்தில் ஓடுகிற, சல்லடையைக் கையால் மாற்றக்கூடிய, ஊர்ப் பையன் ஒருவனே ஸ்பேனர் பிடித்துச் சரிசெய்யக்கூடிய ஓர் இயந்திரத்தைச் செய்து அந்த 14 நாடுகளில் ஒன்றுக்குக் கொண்டுபோய் வைத்தால், அதைவிடப் பெரிய விருந்து அந்த மலைக்கு வேறு இல்லை. மலையைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பும்போது கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கெட் சாமைக்கு வருகிறேன். நம் கடைகளில் வெள்ளையாக, ஒரே சீராக இருக்கும் சாமை பெரும்பாலும் எமரிக் கல்லில் பாலிஷ் போட்டது. ஏன் பாலிஷ் போடுகிறார்கள்? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி நீக்கிய பிறகு அந்த எண்ணெய் காற்றுபட்டுச் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கடைக்காரருக்கு அலமாரியில் நெடுநாள் இருக்க வேண்டும். தவிட்டை எடுத்துவிட்டால் கவலை இல்லை. நார்ச்சத்தும் தாதுக்களும் தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரே என்று நாம் வாங்குவது மிச்சமிருக்கும் மாவுச்சத்தைத்தான். உமியோடு இருக்கும்வரை சாமை வருடக்கணக்கில் கெடாது. குதிரில் போட்டு வைத்தது அதனால்தான். ஆகவே உமி நீக்குவது சாப்பிடுகிற நாளுக்கு எவ்வளவு நெருக்கமாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது. மங்கின பழுப்பு நிறமாக, அங்கங்கே ஓர் உமி மணியும் கண்ணில் படுகிற சாமையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கை கல் அரிக்கப் பழகிக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் மேல், தவிட்டோடு கூடிய சாமையின் உண்மையான ருசி என்ன என்று ஒருமுறையாவது விளைந்த இடத்துக்கே போய்ச் சாப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ருசி நாக்கில் ஏறிவிட்டால் வெள்ளைச் சாமையை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

இப்போது மலைப்பாதையில் சாப்பாட்டுக் கடைகள் இல்லாமல் இல்லை. நாம் கேட்பதை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பரோட்டா, சிக்கன் ரைஸ், நூடுல்ஸ். கேட்டால் களி கிடைக்குமா என்று விசாரித்தேன். “கேக்கறவங்க இல்லீங்க, மீந்துபோனா நாங்கதான் திங்கணும்” என்று ஒரு கடைக்காரர் சொன்னார். பழி நம் மேல்தான். நாலு வண்டியில் வருகிறவர்கள் காலையிலேயே நிறுத்தி, மதியத்துக்குக் களியும் கீரையும் வேண்டும், இத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வாரம் அந்தக் கடைப் பலகையில் களி என்று எழுதியிருக்கும்.

முடவாட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. செம்பழுப்பு ரோமம் அடர்ந்து பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சீவி எடுத்துவிட்டு, துண்டு போட்டு நசுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது, சுவையும் உண்டு. மூட்டு வலிக்கு நல்லது என்பது மலை மக்களின் நம்பிக்கை. இணையக் காணொளிகளில் அது பிரபலமான பிறகு நகரத்திலிருந்து வருகிறவர்கள் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சாமையைப் போல விதைத்து அறுக்கும் பயிர் இல்லை அது. கிழங்கைப் பெயர்த்துவிட்டால் அந்த இடத்தில் செடி முடிந்தது. அங்கேயே ஒரு டம்ளர் குடியுங்கள், மூட்டையில் வாங்காதீர்கள். மூட்டையில் வாங்க மிளகு இருக்கிறது, காபிக்கொட்டை இருக்கிறது, சோலக்காட்டுச் சந்தையில் மலைவாழையும் பலாவும் அன்னாசியும் இருக்கின்றன. இறங்கி வரும் வழியில் பேளுக்குறிச்சி, மளிகைச் சாமான்களுக்குப் பேர்போன சந்தை. வருடத்துக்கு வேண்டிய மிளகையும் சீரகத்தையும் அங்கே வாங்கி வைக்கும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் நிறைய.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அய்யாற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். யாரோ அந்த மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பில் போட, அறுபட்ட துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி மீன் ஆற்றுக்குத் திரும்பத் துள்ளியது என்று ஒரு கதை இருக்கிறது. அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடிய தெய்வம் அது. கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அந்த மீனைத் தொடுவதில்லை. ஓர் ஆற்றுத்துறையைச் சட்டம் எதுவும் இல்லாமல் இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறார்கள். எதைச் சாப்பிடலாம் என்பதைப் போலவே எதைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அந்த மக்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். உணவைத் தேடிப் போகிறவர்கள் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதை.

வேறு மலைகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதும் உதவும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், கூஸ்கோ பக்கம், பிசாக் என்ற ஊருக்கு மேலே ஆண்டிஸ் மலைச் சரிவில் கெச்சுவா மக்களின் சில ஊர்கள் சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா என்று ஒன்றை நடத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான உருளைக்கிழங்கு வகைகளை அவர்களே பயிரிட்டுக் காக்கிறார்கள். லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையம் ஒரு காலத்தில் அவர்கள் வயல்களிலிருந்து எடுத்துப்போன வகைகளை, 2004இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நோயில்லாத விதையாக்கித் திருப்பிக் கொடுத்தது. அங்கே போகிற பயணி ஊர்ப் பெண்கள் நடத்தும் சமையல்கூடத்தில் சாப்பிடுகிறார். அந்த வருமானம் ஊர்ப் பொதுவில் சேர்கிறது. கொல்லிமலையிலும் விதை வங்கி இருக்கிறது, சுய உதவிக் குழு இருக்கிறது, சமைக்கத் தெரிந்த ஆயாக்கள் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காசு கொடுக்கிற ஆட்கள்தான் குறைவு. காசைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். ஹோட்டல் சாப்பாட்டுக்குக் கொடுப்பதை விட ஒரு மடங்கு கூடவே கொடுங்கள். விறகு, தண்ணீர், குத்துக்கூலி எல்லாம் அந்தத் தட்டில் இருக்கிறது. அன்பாகப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது அழகில்லை.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். ஆடிப் பெருக்கில் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். தை, மாசியில் போங்கள். மிளகு பறிப்பு நடக்கும், வாசலுக்கு வாசல் பாயிலும் தார்ப்பாயிலும் மிளகு காயும். பச்சையாக இருந்தது கறுத்துச் சுருங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சேலம்வரை ரயில். அங்கிருந்தும் நாமக்கல், ராசிபுரத்திலிருந்தும் மலைக்குப் பேருந்து உண்டு. சொந்த வண்டியில்தான் போக வேண்டும் என்பதில்லை. பேருந்தில் போனால் ஊர்க்காரர்களோடு பேச்சு கிடைக்கும், எந்த ஊரில் யார் இன்னும் சாமை போடுகிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள். எந்த வீட்டில் சாப்பிடுவதாக இருந்தாலும் முந்தின நாளே தகவல் கொடுங்கள், எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லுங்கள். ஊரில் மில் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் அந்த மில்லில் உமி நீக்கிய சாமை இரண்டு கிலோ வாங்கி வாருங்கள். ஓடவில்லை என்றால் என்ன பழுது, எந்த இயந்திரம், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று எழுதிக்கொண்டு, பழுதான இடத்தை ஒரு படமும் எடுத்துக்கொண்டு வந்து தொழிற்பேட்டையில் காட்டுங்கள்.

பின்கட்டில் இன்று எல்லோருக்கும் சாமைப் பொங்கல் வைத்திருக்கிறோம். தவிடு எடுக்காத சாமை. ஆறிவிடும் முன்பு சாப்பிட்டுவிடுங்கள். கேள்விகளைச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.